புகை நின்ற பெட்டி

வெள்ளாற்றங்கரை மடத்துக்குப் புகை வந்து சேர்ந்தது ஒரு நன்கொடையோடுதான்.

விருத்தாசலம் பக்கம் பெயர்ப்பலகைக் கடை வைத்திருந்த ஒருவர் தொழிலை மூடிவிட்டு மகனோடு வெளிநாடு போனார். போகும்முன் தன் லேசர் மெஷினை மடத்துக்குக் கொடுத்துவிட்டுப் போனார். கண்ணுக்குத் தெரியாத ஒரு சூட்டுக்கோடு அதன் தலையிலிருந்து இறங்கும். வேகத்தைக் குறைத்தால் மரத்தை வெட்டும். கூட்டினால் மேலாகச் சுட்டு எழுதும்.

மடத்தில் அதை இயக்கத் தெரிந்தவர் மாசிலாமணி ஒருவர்தான். பள்ளியில் டிராயிங் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி பூரணி இளைப்பு நோயில் இறந்த பிறகு வீட்டைப் பூட்டிவிட்டு ஒரு வாரம் தங்கிப் போகலாம் என்று மடத்துக்கு வந்தார். போகவில்லை.

மடத்தின் தலைவி தையல்நாயகி அம்மா. வயதில் மாசிலாமணிக்கு மகள் மாதிரி. அதனால் அவரை 'ஐயா' என்றுதான் கூப்பிடுவார், 'வாங்க, போங்க' என்றுதான் பேசுவார். ஆனாலும் கேட்கும் இடத்தில் மாசிலாமணியும் பதில் வரும் இடத்தில் அம்மாவும் இருந்தார்கள். இருவருக்கும் அதில் கூச்சம் இல்லை.

பெயர்ப்பலகை, சாமி படம், திருநீற்றுப் பெட்டி என்று ஆரம்பித்த வேலை, போகப்போக இறந்தவர்களின் முகமாக மாறியது. போட்டோவைக் கொடுத்தால் தேக்குப் பலகையில் முகம் எழும். உச்சந்தலையில் தொடங்கி, வரி வரியாக நெற்றி, புருவம், கண் என்று இறங்கும். வாங்கிப்போக வருகிறவர்கள் பலகையை மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருப்பார்கள்.

முகம் எழும்போதெல்லாம் புகையும் எழுந்தது. கண் எரிந்தது. சமையல் செய்யும் அஞ்சலை இருமி இருமிக் குழம்பில் உப்புப் போட மறந்தாள். ஆகவே மாசிலாமணி மெஷினைப் பழைய நெல் அறைக்குக் கொண்டுபோய், அதைச் சுற்றி ப்ளைவுட்டில் ஒரு பெட்டி செய்தார். மேலே ஆரஞ்சு நிறக் கண்ணாடி மூடி. பின்பக்கம் ஒரு குழாய், சுவரில் ஏறி, இரண்டு இடத்தில் வளைந்து, கூரைக்கு வெளியே போனது.

இனி ஃபேன் ஒன்றுதான் பாக்கி.

ஒருநாள் காலை மூன்று ஃபேன்களைத் துணியில் சுற்றி எடுத்துவந்து அம்மா முன்னால் பரப்பினார். முதலாவது, கம்ப்யூட்டருக்குள் இருக்குமே, உள்ளங்கை அகலத்தில், அது. இரண்டாவது, சமையலறைச் சுவரில் மாட்டுகிற இறக்கை ஃபேன். மூன்றாவது, நத்தை ஓடு மாதிரி உடம்பு சுருண்ட ப்ளோயர்.

"போட்டுப் பாத்துட்டு வேணாததைத் திருப்பிக் கொடுங்கன்னார் கடைக்காரர். எதை வைக்கட்டும் அம்மா?"

"எதை வெளியே அனுப்பணும்?"

"புகையை."

"அப்ப அதையே கேளுங்க."

அம்மா எழுந்து தூபக்காலில் சாம்பிராணி போட்டு எடுத்துவந்து பெட்டிக்குள் வைத்தார். மூடியைச் சாத்தினார். மாசிலாமணி ஏணி போட்டு ஏறி, ஃபேன்களை ஒவ்வொன்றாகக் குழாயின் வெளிமுனையில் மாட்டினார். அங்கே மாட்டினால்தான் வழியில் எங்காவது ஓட்டை இருந்தாலும் புகை அறைக்குள் கசியாது.

முதல் ஃபேன் ஓடியது. புகைக்கு அப்படி ஒன்று ஓடுவதே தெரியவில்லை.

இரண்டாவதை மாட்டும்முன் கையில் வைத்து ஓடவிட்டபோது மாசிலாமணியின் துண்டு பறந்தது. குழாயில் மாட்டியதும் சத்தம் மட்டும்தான் மிச்சம். புகை குழாயின் வாய்வரை போய் எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பியது.

"கையில இருந்தப்ப அவ்வளவு காத்து அடிச்சுதே?" என்றார் மாசிலாமணி.

"திறந்த வெளியில எல்லாருக்கும் பலம்தான்."

மூன்றாவது நத்தை. அது ஓட ஆரம்பித்ததும் பெட்டியே ஒருதரம் அதிர்ந்தது. மூடி தன் சட்டத்தின்மேல் இறுக்கமாக அமர்ந்தது. புகை முழுவதும் ஒரே பாய்ச்சலாகக் குழாயை நோக்கித் திரும்பியது. மாசிலாமணி சிரித்துவிட்டார்.

சிரிப்பு முடிவதற்குள் புகை நின்றது.

போன கொஞ்சம் போய்விட்டது. மீதி பெட்டியின் நடுவே அப்படியே நின்றது. கலையவில்லை. சுழலவும் இல்லை. அடியில் குறுகி, மேலே கொஞ்சம் அகன்று, யாரோ எழுந்து நிற்கிற மாதிரி நின்றது.

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. மூடிக்கும் சட்டத்துக்கும் நடுவே எங்கோ ஒரு நூலிழை இடுக்கிலிருந்து வந்தது. மெல்லியதாக, விசில் போல, உள்ளே இழுத்து, நின்று, மறுபடி இழுத்தது.

மாசிலாமணியின் கை மூடியின்மேல் இருந்தது. அவர் அதை எடுக்கவில்லை.

பூரணியின் கடைசி மார்கழியில் அந்த வீட்டில் கேட்டது இந்தச் சத்தம்தான். பனிக்காற்று ஆகாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஜன்னல்களை எல்லாம் சாத்தி, கதவிடுக்கில் பழந்துணி அடைத்து, பக்கத்திலேயே உட்கார்ந்து அவர் கேட்டுக்கொண்டிருந்த சத்தம். அது நின்றால் பயமாக இருக்கும். கேட்டாலும் பயமாக இருக்கும்.

"என்ன கேக்குது?" என்றார் அம்மா.

"ஒண்ணுமில்லம்மா. காத்து."

அம்மா அவர் முகத்தைப் பார்த்தார். பிறகு ப்ளோயரை நிறுத்தச் சொன்னார்.

"மூணாவதுதான். அதையே வச்சுக்குங்க. ஆனா, எந்த ஃபேன்னு கேட்டீங்களே, அது பாதிக் கேள்வி. மீதிப் பாதி தெரிஞ்ச பிறகு வேலையை ஆரம்பிங்க."

"மீதி என்னம்மா?"

அம்மா தூபக்காலை எடுத்துக்கொண்டு போய்விட்டார். மறுநாள், சீர்காழியில் ஓர் அன்பர் படுத்த படுக்கையாக இருப்பதாகச் சேதி வந்தது. அம்மா புறப்பட்டுப் போனார்.

மாசிலாமணி மீதிப் பாதியை யோசித்தார். பலகைக்குக் காத்திருக்கிறவர்கள் நினைவுக்கு வந்தார்கள். யோசித்துக்கொண்டே வேலையையும் ஆரம்பித்துவிட்டார்.

ஒவ்வொரு முகம் முடிந்ததும் மூடியைத் திறந்தால், போகாமல் நின்ற புகை அவர் முகத்தில் அடித்தது. இவ்வளவு இழுக்கிற ஃபேன் இருந்தும் ஏன்? எங்கோ கசிகிறது என்று முடிவு செய்தார். மூடியைச் சுற்றி ரப்பர் பட்டை ஒட்டினார். மூலைகளில் பட்டி பூசினார். வயர் நுழையும் ஓட்டையை சிலிக்கான் வைத்து அடைத்தார்.

அடைக்க அடைக்கப் புகை அதிகமாக நின்றது. சத்தமோ மெலிந்தது. மெலிய மெலிய இன்னும் தெளிவானது. முதலில் யாரோ ஒருவரின் மூச்சாக இருந்தது, பிறகு ஒரு பெண்ணின் மூச்சானது, பிறகு பூரணியின் மூச்சாகவே ஆகிவிட்டது. இழுப்பு முடிகிற இடத்தில் அவளுக்கு ஒரு சின்ன விக்கல் வரும். அதுவும் வந்தது.

அதன் பிறகு அவர் பலகை வைக்காமலேயே ப்ளோயரைப் போட ஆரம்பித்தார். கதவைச் சாத்திக்கொண்டு பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு முக்காலி போட்டு உட்கார்ந்துகொள்வார். மதியச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டால் வரமாட்டார்.

ஒரு மதியம் அஞ்சலை மோர் கொண்டுவந்தாள். கதவைத் திறந்தவள் வாசலிலேயே நின்றாள்.

"ஐயா, உள்ள யாரு?"

"யாருமில்ல."

"கூப்புடுற சத்தம் கேக்குதே."

"ஃபேன் சத்தம் அஞ்சலை."

"ஃபேனு எப்படிய்யா அக்கான்னு கூப்புடும்?"

அஞ்சலை மெதுவாக உள்ளே வந்தாள். மூடியின் ஓரத்தில் காதை வைத்தாள். மோர்ச் செம்பு அவள் கையில் சாய்ந்து தரையில் சிந்தியது. அவள் பார்க்கவில்லை.

அஞ்சலையின் தம்பி கிணற்றில் தூர் வார இறங்கியவன். அடியில் கிடந்த விஷக்காற்று அவனைத் திரும்பி ஏறவிடவில்லை. மேலே கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றவள் அவள்தான். மடத்தில் எல்லாருக்கும் தெரிந்த கதை. ஆனால் அவள் வாயால் யாரும் கேட்டதில்லை.

"கயிறு விடு, கயிறு விடுன்னு சொல்றான்யா," என்றாள்.

அன்றிலிருந்து அவளும் வந்தாள். ஆளுக்கு ஒரு பக்கமாகப் பெட்டியருகில் உட்கார்ந்தார்கள். ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்ளவில்லை. ஒரே சத்தம்தான், அவருக்கு அதில் மூச்சு கேட்டது, அவளுக்கு அழைப்பு. நடுவில் கண்ணாடியின் உட்பக்கம் பழுப்பேறிக்கொண்டே வந்தது. அறையில் எப்போதும் கருகிய மர வாசனை. மாசிலாமணியின் கண்கள் சிவந்து வீங்கின. படி ஏறினால் தலை சுற்றியது. அடுப்பில் சோறு தீய்ந்தது. மடத்தில் தங்கியிருந்த மற்றவர்கள் தீய்ந்த சோற்றைச் சாப்பிட்டுவிட்டு, அம்மா வரட்டும் என்று இருந்தார்கள்.

குரல் இருக்கிறது, முகம்தானே இல்லை என்று ஒருநாள் மாசிலாமணிக்குத் தோன்றியது.

எத்தனையோ பேருடைய முகங்களை எழுதியிருக்கிறார். பூரணியின் முகத்தை அவர் எழுதியதே இல்லை. அவளுடைய போட்டோ ஒன்றை எடுத்தார். சிதம்பரத்தில் ஒரு கல்யாணத்தில், யாரையோ பார்த்துச் சிரிக்கத் தொடங்கும் நேரத்தில் எடுத்தது. நல்ல தேக்குப் பலகை ஒன்றைத் தேர்ந்தெடுத்தார். எஞ்சியிருந்த இடுக்குகளிலும் பட்டி பூசினார், ஒரே ஓர் இடம் தவிர. அந்த இடத்திலிருந்துதான் மூச்சு வந்தது.

காலை வெயில் நெல் அறையின் வாசல்வரை வந்திருந்தது. அவர் கதவைச் சாத்தினார். ப்ளோயரைப் போட்டார். மெஷின் தலை நகர ஆரம்பித்தது.

வகிடு வந்தது. நெற்றி வந்தது. புகை எழுந்து, வழக்கம்போல் நடுவில் நின்று, தனக்குக் கீழே உருவாகும் முகத்தைக் குனிந்து பார்ப்பது போல் வளைந்தது. அஞ்சலை சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டாள். புருவம் வந்தது. கண் வந்தது. புகை தடித்து, முகம் தெரியாமல் போனது. மெஷினின் தலை போய்த் திரும்பும் சத்தத்தை வைத்துத்தான் எவ்வளவு தூரம் வந்திருக்கிறது என்று அவர் கணக்கிட்டார். இப்போது மூக்கு. இப்போது மூக்குத்தி. இப்போது உதடு.

சத்தம் நின்றது.

மாசிலாமணி காதை வைத்துப் பார்த்தார். விட்டுவைத்த இடுக்கில், பக்கத்தில் பூசிய ஈரப் பட்டி உள்ளே இழுபட்டு அடைத்துக்கொண்டிருந்தது. அது அவர் கண்ணில் படவில்லை. மூச்சு நின்றது மட்டும்தான் தெரிந்தது.

"பூரணி," என்றார்.

மூடியைப் பிடித்துத் தூக்கினார். வரவில்லை. இரண்டு கையாலும் பிடித்து இழுத்தார். உள்ளிருந்து யாரோ அதே பலத்தோடு பிடித்து இழுப்பது போல் இருந்தது. பழுப்புக் கண்ணாடிக்குக் கீழே, உதடு இருக்கவேண்டிய இடத்தில், சிவப்பாக ஒரு புள்ளி தெரிந்தது. அது கொஞ்சம் கொஞ்சமாகப் பெரிதானது.

"ஃபேனை நிறுத்துங்கய்யா!" என்று அஞ்சலை கத்தினாள்.

ஸ்விட்ச் கை எட்டுகிற தூரத்தில்தான் இருந்தது. மாசிலாமணி அதைப் பார்த்தார். அதை அணைத்தால் மூச்சு வரவே வராது என்று மட்டும் அவருக்குத் தோன்றியது. கை போகவில்லை. அஞ்சலை எழுந்து கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே ஓடினாள்.

அம்மா அன்று விடிந்ததும்தான் சீர்காழியிலிருந்து திரும்பியிருந்தார். அஞ்சலையின் பின்னால் ஈரத் தலையோடு வந்தார். வாசலில் ஒரு கணம் நின்றார். பிறகு நேராகப் போய் மெஷினின் ஸ்விட்சை அணைத்தார். சூட்டுக்கோடு நின்றது. ப்ளோயரை அவர் தொடவில்லை. அது ஓடிக்கொண்டே இருந்தது.

அலமாரியில் ட்ரில் இருந்தது. அதை எடுத்து, பெட்டிக்கு முன்னால் மண்டியிட்டு, குழாய்க்கு நேர் எதிர்ப்பக்கத்துப் பலகையில் முனையை வைத்தார்.

"வேணாம்மா!" என்றார் மாசிலாமணி. "உள்ள அவ இருக்கா!"

மரத்தூள் கொட்டியது. முனை உள்ளே போனது.

அந்த அறையில் இருந்த மூவரும் அதைக் கேட்டார்கள். அதுவரை கேட்ட சத்தம் இல்லை அது. நீளமாக, ஆழமாக, தொண்டை முழுவதும் திறந்து இழுக்கிற ஒரு மூச்சு. தண்ணீருக்கு அடியில் வெகுநேரம் இருந்துவிட்டு மேலே வந்தவர்கள் இழுப்பார்களே, அப்படி. அம்மா பக்கத்திலேயே இன்னொரு துளை போட்டார். பிறகு இன்னொன்று. மூச்சு அகன்று, வெறும் காற்றாகி, சத்தமே இல்லாமல் ஓடத் தொடங்கியது.

நடுவில் நின்றிருந்த புகை அசைந்தது. அதுவரை நின்றது, முதல்முறையாக நடந்தது. வளைந்து, குழாயை நோக்கிப் போனது. போகும் வழியில் திரும்பிப் பார்த்தது என்று அஞ்சலை பிற்பாடு சொன்னாள். மாசிலாமணி அப்படிச் சொன்னதில்லை, மறுத்ததும் இல்லை.

மூடி தானாகத் தளர்ந்தது. அம்மா அதைத் திறந்து ஈரத் துணியால் பலகையை அழுத்தினார். சுர்ரென்று ஒரு சத்தம். துணியை எடுத்தபோது வகிடும் நெற்றியும் கண்ணும் அழகாக இருந்தன. வாய் இருந்த இடம் கருகி, பலகையைத் துளைத்துக்கொண்டு மறுபக்கம் தெரிந்தது.

மாசிலாமணி அதைப் பார்த்தார். சட்டென்று வெளியே ஓடினார். நெல் அறையைச் சுற்றிக்கொண்டு போய், கூரைக்கு மேலே நீட்டிக்கொண்டிருந்த குழாய் முனையை அண்ணாந்து பார்த்தார். கடைசிப் புகை ஒரு சாம்பல் கீற்றாக வெளியே வந்தது. வேப்பமரத்தை எட்டுவதற்குள் கரைந்துவிட்டது. அதற்குப் பிறகு குழாய் முனையில் வெயில் மட்டும் நெளிந்தது. ஆற்றுப் பக்கம் யாரோ மாட்டை அதட்டிக்கொண்டிருந்தார்கள்.

அவர் அங்கேயே உட்கார்ந்துவிட்டார். இருமல் வந்தது. இருமி இருமிக் கறுப்பாகத் துப்பினார். அப்புறம் அழுதார். பூரணி இறந்த அன்று வீடு நிறைய ஆட்கள் இருந்ததால் அவரால் அழ முடியாமல் போயிருந்தது.

திரும்பி வந்தபோது நெல் அறையின் கதவும் ஜன்னலும் திறந்து கிடந்தன. அஞ்சலை வாசற்படியில் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அம்மா முக்காலியில் இருந்தார்.

"கையை வச்சுப் பாருங்க," என்றார்.

மாசிலாமணி துளைகளுக்கு முன்னால் கையை வைத்தார். விரல் நடுவே குளிர்ச்சியாகக் காற்று ஓடியது. வெளியிலிருந்து உள்ளே போய்க்கொண்டிருந்தது.

"இதுதான் மீதிப் பாதியா அம்மா?"

அம்மா தலையை மட்டும் அசைத்தார். ட்ரில்லின் முனையை மெதுவாகக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். மாசிலாமணி துளைகளிலிருந்து கையை எடுத்தார். கேட்கக்கூடாது என்று நினைத்தார். கேட்டுவிட்டார்.

"அது பூரணிதானாம்மா?"

"அஞ்சலைக்கு அவ தம்பியா கேட்டுச்சாம்."

"உங்களுக்கு? சாம்பிராணி போட்ட அன்னைக்கு நீங்களும் கேட்டீங்களே. உங்களுக்கு யார் குரல்?"

அம்மா துடைப்பதை நிறுத்தவில்லை.

"யாருன்னு நான் கேக்கலையே ஐயா," என்றார். "மூச்சு முட்டுறது கேட்டுச்சு."